சின்ன ‘ரு’ போட்ட நிருத்தம்

பிப்ரவரி 11, புதன்கிழமை: கடைவீதியிலுள்ள பெண்களுக்கான பொதுக் கழிப்பறைக்கு வணிகர் கூட்டமைப்பின் ஆய்வுக் குழுவினர் இருவர் வந்தனர். அங்கே அவர்கள் இருந்த நேரம் ஐந்து நிமிடம்.

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை: ‘நகரின் பத்து முன்னுரிமைகள்’ என்ற மூன்று பக்கப் பட்டியலைக் கூட்டமைப்பு மாநகராட்சி ஆணையரிடம் அளித்தது. கையொப்பமிட்டவர்கள் பதினொருவர்.

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை: அதே பத்து இனங்களை, அதே வரிசையில், மாநகர மன்றம் ‘நகர வளர்ச்சி முன்னுரிமைகள்’ என்று தலைப்பிட்டுத் தீர்மானமாக நிறைவேற்றியது. நடவடிக்கைக் குறிப்பேட்டின்படி விவாதம் ஆறு நிமிடம் நடந்தது.

பட்டியலின் நான்காவது இனம் வருமாறு: ‘பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக் கட்டடத்தை அகற்றி, அவ்விடத்தில் பதினாறு கார்களுக்கான வாகன நிருத்தம் அமைத்தல்.’

பயன்பாடின்றி என்ற சொல் ஆணையரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த மார்ச் 3 அன்று, அந்தக் கட்டடத்துக்குள் சென்று வந்த பெண்கள் நானூற்று இருபத்திரண்டு பேர். இந்த எண்ணை மாநகராட்சியின் எந்தக் கோப்பில் தேடினாலும் கிடைக்காது. கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்றில் இருக்கிறது. அந்த நோட்டை எழுதியவரைக் கடைவீதிப் பெண்கள் ‘சாவியக்கா’ என்று அழைத்தார்கள்.

சாவியக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழாம் வயதிலிருந்து ஏழு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். பில் புத்தகம் தைப்பதும் துண்டு நோட்டீஸ் மடிப்பதும் முதலில். பிறகு பிழை பார்க்க உதவுவது. கையெழுத்துப் படியை முதலாளி வைத்துக்கொள்வார், அச்சான தாளை இவர் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டு ரகரமும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும் என்பதால், அந்த எழுத்து வரும் இடமெல்லாம் எது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகலாம். ‘மருந்து, சின்ன ரு. கறுப்பு, பெரிய று.’ அச்சகம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆன பிறகும் அந்தப் பழக்கம் நாக்கைவிட்டு இறங்கவில்லை. பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து பெயர்ப் பலகைகளை அவர் இப்படி முணுமுணுத்துக்கொண்டே போவதைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் நைசாக இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வதுண்டு.

இதே கடைவீதியில் சுமை இறக்கும்போது கணவரின் முதுகு முறிந்தது. அதன் பிறகு, இருபத்தொன்பதாம் வயதில், சாவியக்கா இந்தக் கழிப்பறையின் பராமரிப்புக்கு வந்தார். தினக்கூலிப் பதவி. பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் அது தினக்கூலிப் பதவியாகவே இருந்தது.

கட்டடத்தில் ஆறு அறைகள், ஒரு தொட்டி, இரண்டு கேட்டுகள். முன்கேட் கடைவீதியைப் பார்த்திருந்தது. பின்கேட் கடைகளின் பின்புறச் சந்துக்குள் திறந்தது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே பெண்கள் சாவியக்காவிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். முன்கேட்டின் அருகே மூட்டைகளை அடுக்கிவிட்டு ஆண்கள் அதன்மேல் சாய்ந்து நிற்பதால், உள்ளே போகும்போதும் வரும்போதும் பத்துக் கண்கள் முதுகில் ஊர்கின்றன. அதைப் பூட்டிவிட வேண்டும். அன்றே பூட்டினார். சாவி இடுப்புக்கு வந்தது, பெயரும் கூடவே வந்தது. அன்று முதல் எல்லாரும் பின்கேட் வழியாகத்தான் வந்துபோனார்கள்.

எண்ணும் பழக்கத்துக்குத் தண்ணீர்தான் காரணம். ஒரு நாளுக்கு எத்தனை பேர் என்று சொல்லாவிட்டால் இரண்டாவது லோடு கிடையாது என்று தண்ணீர் லாரி அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒருவர் உள்ளே போனால் சுவரில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. நான்கு நெட்டுக் கோடுகள், குறுக்கே ஒன்று, ஐந்து. மாலையில் கூட்டி நோட்டில் எழுதிவிட்டுச் சுவரைக் கழுவுவார். பதினான்கு ஆண்டுகளில் முப்பத்தெட்டு நோட்டுகள் நிரம்பியிருந்தன. கடைசி ஓராண்டின் சராசரி, நாளொன்றுக்கு நானூற்றுப் பதினெட்டு.

யார் இந்த நானூற்றுப் பதினெட்டு? கடைவீதியில் பெயர்ப் பலகை உள்ள கடைகள் அறுபத்து மூன்று. அவற்றில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை உள்ளவை நான்கு. கூட்டமைப்புத் தலைவரின் நான்கு மாடித் துணிக்கடை அந்த நான்கில் சேராது. அங்கே நூற்று நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் பளிங்கு பதித்த கழிப்பறை ஒன்று இருந்தது. கதவில் ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’ என்ற பலகையும் இருந்தது.

அந்தக் கடையின் இரண்டாம் மாடியில் சாவியக்காவின் தங்கை வேலை பார்த்தாள். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை நிற்கும் வேலை. உணவு இடைவேளை தவிர, இறங்கிப் போய்வர ஒரு தடவைக்கு ஏழு நிமிடம் அனுமதி. எட்டாவது நிமிடத்திலிருந்து மேற்பார்வையாளரின் நோட்டில் பெயர் ஏறும். பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி அக்காவின் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப நான்கு நிமிடம் போதும். அடுத்த பொதுக் கழிப்பறை பேருந்து நிலையத்தில் இருக்கிறது. போய்வர வேகமாக நடந்தாலும் பத்தொன்பது நிமிடம். ஆக, நான்காவது இனத்தில் அகற்றப்படவிருந்தது வெறும் கட்டடம் அல்ல. ஏழுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் அந்தப் பெண்களின் அடிவயிறு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிறுநீர்த் தொற்றினால் தங்கை பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன மருத்துவரிடம் அவள், குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் பெயர் ஏறும், எதை எழுதித் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இனி பிப்ரவரி 11.

ஆய்வுக்கு வந்த இளைஞர்கள் இருவரும் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். கடைவீதி வழியாக வந்ததால் முன்கேட்டில்தான் நின்றார்கள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சாவியக்கா தரை கழுவிக்கொண்டிருந்தார். பேச்சு கம்பி வழியாகவே நடந்தது.

“இந்த கேட் எப்பவும் பூட்டித்தான் இருக்குமாம்மா?”

“எப்பவும். பதினாலு வருஷமா ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை தம்பி.”

அதைச் சொல்லும்போது சாவியக்கா நிமிர்ந்து நின்றதாகவும், பூட்டுக்கு மாதம் இருமுறை எண்ணெய் விடுவதையும் சேர்த்துச் சொன்னதாகவும் அவரே பின்னர் கூறினார். புதுப் பூட்டு வாங்கித் தருவதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். இளைஞர்கள் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்துப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அப்போது பின்கேட்டில் ஒன்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை, முன்கேட்டில் மாநகராட்சி நோட்டீஸ் ஒன்று ஒட்டப்பட்டது. ‘இவ்விடம் வாகன நிருத்தத்திற்காக ஒதுக்கப்பட்டுள்ளது.’ சாவியக்கா அதை வழக்கம்போல் உரக்கப் படித்தார். சின்ன ரு வந்த இடத்தில் நின்றார். பின்னால் நின்ற செருப்புக் கடைப் பெண் ஒருத்தி, நிருத்தம் என்றால் நடனம்தானே, கார்களெல்லாம் இங்கே வந்து ஆடப் போகின்றனவா என்று கேட்டாள். இன்னொருத்தி கால்களைப் பின்னி நெளிந்து காட்டினாள். “காரு ஏன்டி ஆடணும்? இனிமே கவுண்டர்ல நின்னு நாமதான் ஆடப் போறோம்.” வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்திகூட அடுத்த நாள் என்ன செய்வது என்று அறிந்திருக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு முன்பாகச் சாவியக்கா வார்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். கோப்பை எடுத்துக் காட்டினார். ஆய்வுப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் இருந்தது இது: ‘14 ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. தகவல் அளித்தவர்: அங்குள்ள பணியாளர்.’

சாவியக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தார். பொய் சொல்லி மாட்டிக்கொள்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். உண்மை சொல்லி மாட்டிக்கொள்வது அவருக்கு இதுவே முதல் அனுபவம்.

“என் வாயாலயே என் கழுத்துக்குக் கயிறு திரிச்சிருக்காங்க,” என்றார்.

படிவத்தின் அடியில் கூட்டமைப்பின் பட்டியலும் மன்றத் தீர்மானமும் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் நிருத்தம், இரண்டிலும் சின்ன ரு. இது எப்படி என்று சாவியக்கா கேட்க, எழுத்தர் மறைக்காமல் சொன்னார். “அவங்க பென் டிரைவ்ல கொடுத்து விடுவாங்கக்கா. தலைப்பை மட்டும் மாத்திட்டு அப்படியே எடுத்து ஒட்டிருவோம். மூணு வருஷமா இதுதான் வழக்கம். நமக்கும் டைப் அடிக்கிற வேலை மிச்சம்.” முந்தைய இரண்டு ஆண்டுகளின் தீர்மானங்களும் அதே கோப்பில் இருந்தன. கூட்டமைப்பு கேட்டவை இருபது. மன்றம் நிறைவேற்றியவையும் இருபது. நகரத்துக்கு எது முதலில் வேண்டும் என்று நகரத்திடம் ஒரு தடவைகூட எவரும் கேட்டதாகப் பதிவு இல்லை. சாவியக்கா இரண்டு தாள்களுக்கும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்து மனு. பெண்கள் யாரும் பெயர் எழுதத் துணியவில்லை. பட்டியலில் கையொப்பமிட்ட பதினொருவரும் அவர்களுடைய முதலாளிகள். மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொருத்தியும் சுவரில் விழும் தன் கோட்டைத் தாளில் தானே போட்டாள். நான்கு தாள்கள், நானூற்று ஒன்பது கோடுகள். மார்ச் 31 அன்று மனு திரும்பி வந்தது. சிவப்பு மையில் குறிப்பு: ‘பெயர், முகவரி, கையொப்பம் இல்லாததால் ஏற்பதற்கில்லை. கோடுகள் மனுவாகா.’

மனுவோடு இணைத்து அனுப்பியிருந்த மாநகராட்சிக் கடிதத்தின் எட்டாம் பத்தியில், ஏப்ரல் 9 வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும், பொதுமக்கள் அனைவரும் வரலாம் என்றிருந்தது. வியாழன் காலை பதினொரு மணிக்குக் கடைப் பெண்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு ஒன்பதாம் பத்தி இல்லை.

போக வேண்டாம் என்று தங்கை தடுத்தாள். அக்கா மேடையேறினால் முதலாளி தன்னைத்தான் பார்ப்பார், வேலை போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் அடுப்பு அணைந்துவிடும் என்றாள். சாவியக்காவுக்கு அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. உன் பெயரை நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நோட்டுகளை இரண்டு துணிப்பைகளில் அடுக்கினார்.

ஏப்ரல் 9. மாநகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி, குளிரூட்டிய மன்றம். முன்வரிசையில் கூட்டமைப்பின் பதினொருவர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தண்ணீர்ப் பாட்டில். சாவியக்காவுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. தண்ணீர்ப் பாட்டிலை அவர் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் மன்றத்தின் இருபுறமும் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று பலகை மாட்டிய இரண்டு கதவுகளையும் எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கூட்டமைப்புத் தலைவர் மென்மையாகப் பேசுபவர். குரலை உயர்த்துவதில்லை. வாடிக்கையாளர்கள் கார் நிறுத்த இடமின்றி வேறு ஊர்களுக்குப் போகிறார்கள், கடை இருந்தால்தான் ஊர், ஊர் இருந்தால்தான் எல்லாரும் என்று இருபது நிமிடம் விளக்கினார். மாநகராட்சியும் கூட்டமைப்பும் ஒரே திசையில் சிந்திப்பது இந்நகரின் நற்பேறு என்றார். ஆணையர் தலையசைத்தார்.

சாவியக்காவுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது. அவர் நோட்டுகளை வெளியே எடுக்கவில்லை. நகல் எடுத்த இரண்டு தாள்களையும், கேட்டிலிருந்து கிழித்து வந்த நோட்டீஸையும் எடுத்தார்.

“ஐயா, நான் ஒரே ஒரு எழுத்து பத்திக் கேக்கணும். இது கூட்டமைப்பு கொடுத்த தாள். நிருத்தம், சின்ன ரு. இது மன்றத் தீர்மானம். நிருத்தம், சின்ன ரு. இது என் கேட்டுல ஒட்டினது. இதுலயும் சின்ன ரு. மூணு பேருக்கும் ஒரே வாத்தியாருங்களா? இல்ல, ஒருத்தர் எழுதினதை மத்தவங்க படிக்கவே இல்லைங்களா?”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. உறுப்பினர்கள் சிலர் அப்போதுதான் தம் முன்னிருந்த தீர்மானத்தைப் புரட்டினார்கள். தலைவரும் புன்னகைத்தார். “அம்மா, ஒரு எழுத்துப் பிழையை வச்சு ஊர் வளர்ச்சியை நிறுத்த முடியுமா?”

“பெரிய று போட்டா நிறுத்தலாம்ங்க.”

இந்த முறை முன்வரிசையிலேயே இருவர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சாவியக்கா அடுத்ததைக் கேட்டார். அவர் குரலில் வேடிக்கை இல்லை.

“உங்க கடையில நூத்து நாப்பது பொம்பளைப் பிள்ளைங்க வேலை பாக்குறாங்க. காலையில வந்தா ராத்திரி எட்டு மணி. அவங்க எங்க போறாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?”

“அவங்க யாரும் என்கிட்ட குறைன்னு வந்து நின்னதில்லையே,” என்றார் தலைவர்.

நடவடிக்கைக் குறிப்பேட்டில் தலைவரின் இந்த வாக்கியம் பக்கம் 6-இல் முழுமையாகப் பதிவாகியுள்ளது. அதற்கு முந்தைய கேள்வி பதிவாகவில்லை.

ஆணையருக்கு எழுத்துப் பிழை உறுத்தியிருக்க வேண்டும். மாநகராட்சி படிக்காமல் கையெழுத்திடுகிறது என்ற பேச்சு வெளியே போவதை அவர் விரும்பவில்லை. பயன்பாடு உண்டா இல்லையா என்பதை மாநகராட்சியே ஒரு நாள் நேரில் எண்ணிப் பார்க்கும், அதன்படி முடிவெடுக்கப்படும் என்று அறிவித்தார். சாவியக்கா நோட்டுப் பைகளை நீட்டினார். தனிநபர் நோட்டுகள் ஆவணமாகா என்று திருப்பித் தரப்பட்டன. அவர் கவலைப்படவில்லை. எண்ணத்தானே போகிறார்கள், எண்ணட்டும் என்று தங்கையிடம் சொன்னார். அன்று அவர் ஜெயித்ததாகவே சந்து முழுவதும் பேச்சு. வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, பெரிய று வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

எண்ணும் நாளைக் குறித்த உத்தரவு ஏப்ரல் 15 தேதியிட்டது. நாள்: ஏப்ரல் 22, புதன். நேரம்: காலை பத்து முதல் மாலை ஏழு. உத்தரவின் அடியில் நகல் பெறுவோர் பட்டியல் உள்ளது. ஒன்று, சுகாதார அலுவலர். இரண்டு, வார்டு அலுவலகம். மூன்று, வணிகர் கூட்டமைப்புத் தலைவர். நான்காவது இல்லை.

ஏப்ரல் 22 காலையில் சுகாதாரப் பிரிவு அலுவலர்கள் இருவர் நாற்காலியோடு வந்து பின்கேட்டில் அமர்ந்தபோதுதான் சாவியக்காவுக்கு விஷயம் தெரிந்தது. நல்ல இடமாகப் பார்த்து நாற்காலிகளை நகர்த்திப் போட்டுக்கொடுத்தார். பத்தரை ஆனது. வழக்கமாக அதற்குள் அறுபது கோடு விழுந்திருக்கும். அன்று விழுந்தது நான்கு. பதினொன்றரைக்குச் சாவியக்கா சந்துக்குள் நடந்து பார்த்தார். துணிக்கடையின் பின்கதவு பூட்டியிருந்தது. செருப்புக் கடையின் பின்கதவு பூட்டியிருந்தது. பாத்திரக் கடை, கண்ணாடிக் கடை, மருந்துக் கடை, எல்லாம். சந்தில் திறக்கும் முப்பத்தாறு கதவுகளில் முப்பத்து நான்கு உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. சரக்கு இருப்புச் சரிபார்ப்பு, மாலை ஏழு வரை யாரும் தளத்தைவிட்டு இறங்கக் கூடாது, சாப்பாடுகூட அவரவர் கவுண்டரிலேயே என்று காலையில் அறிவித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட கடைவீதி முழுவதற்கும் ஒரே நாளில் இருப்புச் சரிபார்க்கும் ஞானம் உதித்திருந்தது.

சாவியக்கா துணிக்கடையின் கதவைக் கையால் தட்டினார். பிறகு காலால் உதைத்தார். பதினான்கு ஆண்டுகளாகப் பூட்டுக்கு எண்ணெய் விட்டவர், ஒரு பூட்டின் முன் நின்று கத்தினார். உள்ளிருந்து காவலாளி, வாயை வைத்துக்கொண்டு சும்மா போங்கள், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னான். சாவியக்கா ஓடிவந்து அலுவலர்களிடம், எழுந்து வந்து கதவுகளைப் பார்க்கச் சொன்னார். எண்ணுவது மட்டுமே தமக்கு இடப்பட்ட பணி என்றார்கள், நாற்காலியைவிட்டு எழவில்லை. ஏழு மணிக்குப் படிவத்தை நிரப்பினார்கள். எண்ணிக்கை: முப்பத்தொன்று.

அன்று மாலை நான்கரை மணிக்குத் துணிக்கடையின் இரண்டாம் மாடியில் நடந்ததைப் பற்றி எந்தப் படிவமும் இல்லை. தங்கை ஒரு வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். மேற்பார்வையாளரிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாள், இரண்டு தடவையும் ஏழு மணி என்ற பதில் வந்திருந்தது. மூன்றாம் மாடிக் கழிப்பறைக்குப் போக முயன்றபோது பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்கு மேல் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரி ஒரு கணம்தான் பார்த்தாள். உடனே தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து தங்கையின் இடுப்பிலிருந்து தரைவரை கவிழ்த்துவிட்டாள். “ஐயோ, கை தவறிருச்சு சார்.” கை தவறியதற்காக அவளுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது.

தங்கை அக்காவின் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அழவில்லை.

“இனிமே எனக்குத் தண்ணி வேண்டாம்க்கா. அவ்வளவுதானே. குடிக்காம இருந்துட்டுப் போறேன்.”

“நீ ஏன்டி குடிக்காம இருக்கணும்?” என்றார் சாவியக்கா. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சுவரில் கோடுகள் இல்லை.

மறுநாள் எண்ணிக்கை நானூற்று முப்பத்தாறு. சாவியக்கா அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, முப்பத்து நான்கு பூட்டிய கதவுகளின் விவரத்தையும் எழுதி, இம்முறை தன் பெயர், முகவரி, கையொப்பத்தோடு ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெற்றார். பதில் வரவில்லை.

மே 5, செவ்வாய்க்கிழமை, மாநகர மன்றத்தின் தீர்மானம் இரண்டு பத்திகள் கொண்டது. முதல் பத்தி: ‘நேரடி எண்ணிக்கையில் ஒன்பது மணி நேரத்தில் 31 பேர் மட்டுமே பயன்படுத்தியது உறுதியானதால், நான்காவது முன்னுரிமை மாற்றமின்றிச் செயல்படுத்தப்படும்.’ இரண்டாம் பத்தி: ‘பொதுமக்களிடமிருந்து பெறப்பட்ட ஆட்சேபணை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி இனத்தில் நிருத்தம் என்றிருப்பது நிறுத்தம் என்று திருத்தி வாசிக்கப்படும்.’

தீர்மானத்தின் நகலை வார்டு எழுத்தர்தான் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். சாவியக்கா பின்கேட்டில் நின்று, வரிசையிலிருந்த பெண்கள் கேட்க, முழுவதையும் உரக்கப் படித்தார். நிறுத்தம், பெரிய று. யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். வாகன நிறுத்தம் அமைந்ததும் சீட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். தலைவரே அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். மாதச் சம்பளமாகக்கூடப் போடலாமாம்.

“பதினாலு வருஷம் பொம்பளைங்களுக்குக் கதவு திறந்துவிட்டேன், நாள் கூலி. காருக்குக் கதவு திறந்துவிட்டா மாசச் சம்பளமா? அந்த வேலைக்கு அவங்க வீட்டுலயே ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க தம்பி.”

மே 18 திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. பின்கேட்டை முதலில் இடித்தார்கள்; முன்கேட்டின் பூட்டை உடைக்கத்தான் நேரம் பிடித்தது. அது நன்றாக எண்ணெய் விடப்பட்ட பூட்டு. சாவியைக் கேட்டபோது சாவியக்கா தரவில்லை. இப்போது அவர் வேறொரு வீதியில் அலுவலகக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிறார். தங்கை அதே கடையின் அதே மாடியில் நிற்கிறாள். இரவு எட்டரைக்கு வீட்டுக்குள் வந்த பிறகே தண்ணீர்ச் செம்பைத் தொடுகிறாள். ஜூன் முதல் வாரத்தில் அவளுக்கு மீண்டும் காய்ச்சல் வந்தது.

ஜூன் 15, திங்கட்கிழமை, வாகன நிறுத்தம் திறக்கப்பட்டது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, பெரிய று. ஆணையர் நாடா வெட்ட, தலைவர் கைதட்டினார். சாவியக்கா அன்று புதிய வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தார். எதிர்ப்புற நடைபாதையில், மின்கம்பத்தின் ஓரமாக, காலை பத்து முதல் மாலை ஏழு வரை நின்றார். கையில் முப்பத்தொன்பதாவது நோட்டு. அதில் மே 16, சனிக்கிழமைக்குக் கீழே ஒரு வரி இடம்விட்டு, தேதி எழுதி, உள்ளே நுழைந்த ஒவ்வொரு காருக்கும் ஒரு கோடு போட்டார். நான்கு நெட்டு, குறுக்கே ஒன்று. பதினான்கு ஆண்டுகள் அதே வீதியில் இருந்ததால் எந்தக் கார் யாருடையது என்று அவருக்குத் தெரியும். தெரிந்த கார்களின் கோட்டைச் சிறு வட்டமிட்டுக் குறித்தார். ஏழு மணிக்கு இரண்டையும் கூட்டி எழுதினார்.

அந்தப் பக்கத்தில் உள்ளவை:

மே 16, பெண்கள்: 441.

ஜூன் 15, கார்கள்: 11. அவற்றில் கூட்டமைப்பு உறுப்பினர்களுடையவை: 8.